கேள்வி மகளுக்கு, பதில் என்னுடையது

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூலை மாதத்தில் ஒரு புழுக்கமான காலை. டெல்லி கரோல் பாகில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு, கையில் பெரிய ரெஜிஸ்டரோடு நின்றார் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளை வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்களாம். எனக்குப் பகீரென்றது. என் ஒன்பது வயது மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்குப் பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து வாசித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் பார்த்த வேலையையும் விட்டு, நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவளை நிறுத்திவிட்டேன். தலைமையாசிரியை டி.சி. தரமாட்டேன் என்றுவிட்டார். அடுத்து எந்தப் பள்ளியில் சேரப்போகிறாள் என்று ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் நான் 'வீடு' என்று எழுதியிருந்தேன். "வீடெல்லாம் பள்ளிக்கூடம் ஆகாதும்மா" என்று திருப்பித் தள்ளினார். மேலிடத்துக்கு எழுதப்போவதாக வேறு சொன்னார்.

அதனால் ரெஜிஸ்டரைப் பார்த்ததும், ஆள் அனுப்பிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். படிப்பை நிறுத்திய பிள்ளை என்று பேர் ஏறிவிட்டால், மறுபடி அதே வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்களே!

எனக்கு வாய் ஜாஸ்தி. பயம் வந்தால் இன்னும் ஜாஸ்தி. "என் பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லையா?" என்று ஹிந்தியில் பொரிந்து தள்ளினேன். கணக்கு நோட்டு, இலை ஒட்டிய நோட்டு, அவள் வரைந்த இந்தியா மேப் எல்லாவற்றையும் சோஃபாவில் பரப்பினேன்.

ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். மாடி ஏறி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்து, "என்ன படிக்கிறே, பேட்டா?" என்றார்.

அவள் வாயைத் திறந்து முதல் எழுத்திலேயே தடுமாறினாள்.

"பின்னக் கணக்கு முடிச்சிட்டா" என்றேன் நான்.

"வீட்ல படிக்கிறது பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு!" அதுவும் நான்தான்.

ஆசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். ரெஜிஸ்டரை மூடினார். "பெஹன்ஜி, மூணு மாடி ஏறி வந்திருக்கேன். ஒரு டீ கிடைக்குமா?"

அப்பாடா, இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்து ஜல்தியாகச் சமையலறைக்குள் ஓடினேன். பால் சூடாகிக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து மகளின் குரல் கேட்டது. ஒரு வார்த்தையில் சிக்கி நின்றாள். ஓடிப்போய் எடுத்துக்கொடுக்க எனக்குக் கால் பரபரத்தது, ஆனால் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. ஆசிரியை ஒன்றுமே சொல்லவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் அந்த வார்த்தை தானாகவே வந்தது. அடுத்ததும் வந்தது.

அந்த ஸ்கூல் வேண்டாம், அங்கே சிரிப்பார்கள், வீட்டில்தான் படிக்கப் பிடித்திருக்கிறது என்றாள். நான் பூரித்துப் போவதற்குள் இன்னொன்றும் சொன்னாள்.

"ஆனா அம்மா என்னை முடிக்கவே விடமாட்டாங்க."

சுருக்கென்று வலித்தது. அங்கே பேசவிடாமல் சிரித்தார்கள், இங்கே நான் சிரிக்காமல் அதையே செய்துகொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

டீயைக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ரெஜிஸ்டரில் எழுதியதை என் மகளிடம் வாசித்துக் காட்டினார்: 'வீட்டில் படிக்கிறாள். பழைய பள்ளிக்குத் திரும்ப விருப்பமில்லை என்று குழந்தையே சொன்னாள்.' சரிதானா என்று அவளைத்தான் கேட்டார். என்னிடம், "மேல என்ன சொல்வாங்கன்னு தெரியாது. நான் கேட்டதை எழுதிட்டேன்" என்றார். போகும்போது டீயில் சர்க்கரை கம்மி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மேலிடத்திலிருந்து பிறகு கூப்பிட்டார்கள். அதிகாரி அவளையே கேள்வி கேட்டார். அவள் திக்கித் திக்கிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று முறை வாட்சைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபைலை இன்னும் மூடவில்லை. மகள் இப்போதும் வீட்டில்தான் படிக்கிறாள்.

உரிமை, உரிமை என்று அன்று நான் கத்தியது முழுக்க என்னுடைய உரிமையைத்தான். அவள் ஒரு வார்த்தையில் சிக்கி நிற்கும் அந்த அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எங்கள் வீட்டுப் பள்ளியில் எனக்கு வைத்த பாடம். உண்மையைச் சொன்னால், அதில் நான் இன்னும் பாஸ் ஆகவில்லை.