டிஸ்க்கில் துரைக்குப் பாதி

எண்பதுகளின் கடைசியில் ஹட்டனில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டங்களின் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. யுனிக்ஸ் என்ற இயங்குதள வகையில் ஓடுவது. உள்ளே முந்நூறு மெகாபைட் டிஸ்க். மலைநாட்டிலேயே பெரியது என்று மேலாளரான பெரிய துரை பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். மலைநாட்டில் வேறு யாரிடம் டிஸ்க் இருந்தது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கொழும்பில் பயிற்சி முடித்தவள் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் வருவேன்.

அவ்வளவு பெரிய டிஸ்க்கை ஒரே துண்டாக வைத்துக்கொள்ள அந்த யுனிக்ஸுக்குத் தெரியாது. பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக ஃபார்மட் செய்ய வேண்டும். பிரித்த பிறகு எல்லையை நகர்த்த முடியாது. அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். இதைச் சொன்னதும் துரை கூட்டம் போட்டார்.

எந்த வேலைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பதவியப் பாத்துப் பிரிக்கணும், பிள்ள. பெரிய தொரைக்குப் பெருசு, அப்புறம் சின்ன தொரை, அப்புறம் நாங்க."

"கொழுந்துக் கணக்குக்குத்தாங்க ஐயா நெறைய எடம் வேணும். எல்லாத் தோட்டத்துலருந்தும் தெனம் எடை வருது."

"கொழுந்துக்கு என்ன பதவி இருக்கு?"

துரைமாருக்குப் பங்களாவையும் தொழிலாளிகளுக்கு ஒற்றை அறை லயத்தையும் கட்டிய அதே நியாயம். நான் லயத்தில் பிறந்தவள், எனக்குப் புதிதில்லை. துரைக்குப் பாதி டிஸ்க், கொழுந்துக்கு மூலையில் ஒரு துண்டு. சொன்னபடியே செய்து கொடுத்தேன். துரை தன் பகுதியில் ஒரே ஒரு கடிதம் வைத்தார், கிளப்புக்குப் புது பில்லியர்ட்ஸ் மேசை கேட்டு.

மழை விட்டு வெயில் அடித்ததும் கொழுந்து பொங்கியது. அதன் பகுதி நிரம்பி, இடமில்லை என்று திரை சொன்னது. கொஞ்ச நாளைக்கு துரையின் பகுதியில் வைக்கலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"என் எடத்துலயா கொழுந்து?" என்றார். "பழைய கணக்க அழிச்சிடு."

நான் அழிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புது எடைகளைத் தாளில் எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். அன்றைய கொழுந்து எடையைத் திரையில் காட்டச் சொன்னார்.

"எடமில்லைங்க" என்றேன்.

"இவ்வளவு பெரிய டிஸ்க்ல எடமெல்லாம் எங்க போச்சு?"

துரை என்னைப் பார்த்தார். நான் பகுதிகளின் அளவைத் திரையில் கொண்டுவந்தேன். யாருடையது எவ்வளவு, எவ்வளவு காலி, எல்லாம் அதில் இருந்தது. அதிகாரி நிதானமாகப் படித்தார். பிறகு துரையிடம், "டீ இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி போனதும், மறுபடி பிரித்துவிடு என்றார் துரை. அந்தச் சனிக்கிழமை எல்லாவற்றையும் ஃப்ளொப்பிகளில் எடுத்துவிட்டு, டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் பிரித்தேன். ஃபார்மட் பாதியில் மின்சாரம் போனது. வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு அலுப்பே தெரியவில்லை. இந்த முறை என் கணக்குப்படி கொழுந்துக்குத்தான் பெரிய பங்கு.

பெரிய கிளாக்கர் பின்னால் வந்து நின்றார்.

"தொரை எடம் எது?"

காட்டினேன்.

"இது அவருக்குப் போதுமா?"

"தாராளங்க ஐயா."

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, துரையிடம் எடுத்ததில் தனக்குக் கொஞ்சம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார்.