ஹீட்டர் பியூஸில் சுற்றிய வெள்ளித்தாள்

காரின் பேட்டரியில் இருப்பது பன்னிரண்டு வோல்ட். அது ஆளை அடிக்காது. மட்டாஞ்சேரியில் கார் ஒயரிங் கடை வைத்திருந்த வருஷங்களெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு உள்ளூரப் பயம் போனதே இல்லை. நான் பயந்தது தீயைப் பார்த்து. டேஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஒயர் சத்தமில்லாமல் சூடாகும். அதன் தோல் இளகிப் பக்கத்து ஒயரோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வாசனை வரும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. எனக்குப் போய் இந்தத் தொழில் வாய்த்தது என் தலையெழுத்து.

எண்பதுகளின் தொடக்கம். கர்க்கடக மாதம், நம் ஊர் ஆடி. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மிளகு புரோக்கர் ஒருவர் தன் பழைய வெளிநாட்டுக் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியிலேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னிடம் வேலை கொடுப்பதில் அவருக்கு ஒரு திருப்தி உண்டு. தமிழில் திட்டலாம் அல்லவா!

"ஹீட்டர் வேலை செய்யணும் அண்ணாச்சி" என்றார்.

சிரித்துவிட்டேன். கொச்சியில் யாருக்கு வேண்டும் ஹீட்டர்? அவர் சிரிக்கவில்லை. அவருடைய மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவம் ஆகியிருந்தது. குழந்தை ஒரு மாதமாக எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காற்றும் குளிரும் துளிகூடப் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"கண்ணாடியெல்லாம் மூடிண்டு, உள்ளே சூடாக்கி, அப்படியே கொண்டுவரணும். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி குழந்தையை ஆத்துக்குள்ளே ஏத்தணும், கேட்டேளா?"

அந்தக் காரின் ஹீட்டர் ரொம்பச் சாதாரணமான சமாசாரம். ரேடியேட்டரின் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டிக்குள் வந்து போகும். அதன் பின்னால் ஒரு மோட்டாரும் விசிறியும். விசிறி சுற்றினால் சூட்டுக்காற்று வரும். ஆனால் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாருக்கும் வேண்டாத ஹீட்டர்தானே என்று, அதற்கு வரும் கரன்ட்டைத் திருப்பி வேறு எதற்காவது கொடுத்துவிடுவோம். சிலருக்கு ஒரு சின்ன விசிறி, சிலருக்கு இரண்டாவது ஹாரன். இவருக்கு டேஷ்போர்டில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு. சில வருஷங்களுக்கு முன் அதைப் போட்டுக்கொடுத்தவன் நான்தான்.

வியாழக்கிழமை முழுதும் அந்தக் காரின் அடியில் மல்லாந்து கிடந்தேன். சாமி பல்பைக் கழற்றிவிட்டு, அதற்கு வந்த ஒயரை ஹீட்டரில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பியூஸ் போயிற்று. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டேன். சுற்றியது. பத்து நிமிஷம் ஓடி மறுபடி பியூஸ் போயிற்று. டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பல்பு எரிந்தது. எங்கும் குறை இல்லை, ஆனாலும் பியூஸ் போகிறது.

வெள்ளி காலை எட்டு மணிக்கு மிளகு முதலாளியும் அவருடைய டிரைவரும் வாசலில் வந்து நின்றார்கள். என்னிடம் இருந்த கடைசி பியூஸும் அப்போதுதான் போயிருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் திறக்க ஒன்பது ஆகும். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தேன். சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து, போன பியூஸின் மேல் சுற்றி, உள்ளே அழுத்தினேன். விசிறி ஜம்மென்று சுற்றியது.

"ஆயிடுத்தா?"

"ஆச்சு முதலாளி."

கார் போயிற்று. எதிர்க்கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு வந்து மேஜையை ஒழுங்கு செய்தேன். கழற்றிப் போட்ட சாமி பல்பு அங்கே கிடந்தது. அதில் ஒரு சாண் நீளத்துக்கு ஒயர் தொங்கியது. நூல் போல மெல்லிய ஒயர். ஒரு சின்ன பல்புக்கு அது போதும் என்று, அதற்கேற்ற சின்ன பியூஸோடு அன்று போட்டது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதன் மீதி காருக்குள் இருக்கிறது. சுவிட்சிலிருந்து பல்பு வரைக்கும் அன்று இழுத்ததை நான் மாற்றவே இல்லை. ஹீட்டரையும் அதே நூலில்தான் மாட்டியிருக்கிறேன். மோட்டார் இழுக்கிற கரன்ட்டை அது தாங்காது. பியூஸ் நேற்றெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைத் தாளால் அடைத்து அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டிரைவர் ஹீட்டரைப் போடமாட்டார். குழந்தை ஏறிய பிறகு கண்ணாடிகளை மூடிவிட்டுத்தான் போடுவார்.

பக்கத்து மருந்துக்கடையில் டெலிபோன் இருந்தது. ஆஸ்பத்திரியின் நம்பர் அவர்களுக்கு மனப்பாடம். கடை வாசல்வரை போனேன். போய் என்ன சொல்வது? நான் வெள்ளித்தாளைச் சுற்றிக் கொடுத்தேன், அதில் குழந்தையை ஏற்றாதீர்கள் என்றா? அடுத்த நிமிஷமே பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். வெளியூர்க்காரன் நான், அதற்குப் பிறகு யார் இங்கே என்னிடம் வண்டியை விடுவார்கள்? நேரில் போய்ச் சத்தம் போடாமல் தாளை எடுத்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்தேன். எறணாகுளத்திலிருந்து வருகிற கார் வெலிங்டன் தீவைக் கடந்து தோப்பும்படிப் பாலம் வழியாகத்தான் இந்தப் பக்கம் இறங்கவேண்டும். வேறு ரோடு கிடையாது.

பாலத்தின் இறக்கத்தில் மழையில் நின்றேன். மீன் லாரிகள் தண்ணீரை வாரி என்மேல் அடித்துக்கொண்டு போயின. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பாலத்தின் அந்தப் பக்கமே கார் எரிந்து நின்றிருந்தால் இங்கே எனக்கு எப்படித் தெரியும் என்ற எண்ணம் வந்ததும் மேலே ஓட ஆரம்பித்தேன்.

பாதிப் பாலத்தில் கார் எதிரே வந்தது. நான்கு கண்ணாடியும் மூடியிருந்தன. குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றேன். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"எந்தா அண்ணாச்சி, சாவான் போறியா?"

முன்கதவைத் திறந்தேன். ரப்பர் கருகும் நாற்றம் முகத்தில் அடித்தது. டேஷ்போர்டின் அடியிலிருந்து சாம்பல் நிறப் புகை இழை இழையாக வந்துகொண்டிருந்தது. முதலாளிக்கும் டிரைவருக்கும் அது ஹீட்டரின் புதுவாசனையாகப் பட்டிருக்கவேண்டும். பின்சீட்டில் மகள் ஒரு துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். மூட்டைக்குள் இருந்து சத்தமே இல்லை.

கையை உள்ளே விட்டு பியூஸைப் பிடுங்கினேன். விரலில் தோல் உரிந்தது. பின்கதவுகளைத் திறந்துவிட்டேன். புகை வெளியே போக, மழைச்சாரலும் குளிர்காற்றும் நேராக உள்ளே போயின. எதைப் படவிடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரோ அது எல்லாம் பட்டது. மகள் மூட்டையைப் பிரித்துக் குழந்தையைப் புடவைக்குள், தன் உடம்போடு ஒட்ட வைத்து மூடிக்கொண்டாள். என் உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தது அதன் முகம். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

"உனக்கு எப்படி அண்ணாச்சி தெரிஞ்சது?" என்று முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மனசுக்கு என்னவோ தோணிச்சு முதலாளி" என்றேன். கருகிய தாளைக் கைக்குள் மூடிக்கொண்டேன். மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒயரை அங்கேயே அறுத்துவிட்டேன். பத்தரைக்கு முன்னால் அவர்கள் வீடு சேர்ந்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சிக்கு நடக்கப் போவது முன்கூட்டியே தெரியும் என்று முதலாளி பஜார் முழுக்கச் சொல்லிவைத்தார். கடையில் வண்டிகள் கூடின. வாயை மூடிக்கொண்டு எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கார் மட்டும் அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து மிளகு கிடங்குகள் இருக்கிற தெருவில் அந்த மகளைப் பார்த்தேன். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. அவளே நின்றாள்.

"அன்னிக்கு உங்க கையிலே இருந்தது சிகரெட் தாள்தானே அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"அப்பாகிட்டே நான் சொல்லல்லே. ஆனா, இவ ஏறற வண்டியிலே நீங்க கை வைக்கப்படாதுன்னு டிரைவர் சேட்டன்கிட்டே சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நாங்க ஏறியே இருக்கமாட்டோமே. ஏன் பண்ணல்லே?"

"பயந்துட்டேன்மா."

"எங்களுக்காகவா, உங்களுக்காகவா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சைக்கிளை எடுத்தபோது எனக்காகத்தான் பயந்தேன். அந்த மூட்டைக்குள் சத்தமில்லாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் குழந்தைக்காகப் பயந்தேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.