பூமாரி முறுக்கிய நாலு போல்ட்

எங்கள் தறிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் சேதி முந்தின நாளே வந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள், வந்துவிடும். உடனே குடோனில் கிடக்கும் கம்பி வலைகளைத் தூசி தட்டி, தறிக்கு ஒன்றாகக் கழிவு நூலால் கட்டுவோம். ஊடைநூலைச் சுமந்து தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடா தடம் மாறிப் பறந்தால் தடுப்பதற்கான வலை அது. அவர் ஜீப் தெருமுனை தாண்டிப் போனதும் நூலை அறுத்து வலைகளைத் திரும்பக் குடோனில் எறிவோம். வலை இருந்தால் நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் மாற்ற நேரமாகும், நெய்கிற மீட்டர் குறையும். பன்னிரண்டு தறிக்காரர்களும் இதில் கூட்டுக் களவாணிகள். நானும்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில் பூமாரியின் தறியிலிருந்து நாடா பறந்தது. நாடா பக்கவாட்டில்தான் பறக்கும். ஓட்டுகிறவளை விட்டுவிட்டு அடுத்த தறிக்காரனைத் தேடிப் போகும். மூக்காண்டி அண்ணனுக்கு இடது கண் போயிற்று. முதலாளி காசிராஜன் அண்ணாச்சி, எல்லாம் கண்திருஷ்டி என்று வாசலில் பூசணிக்காய் உடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூக்காண்டி அண்ணன் ஓட்டிய தறியை எனக்குத் தந்திருந்தார்கள்.

பூமாரி ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளுக்கு அவள் கூலிதான் சோறு. எட்டாம் நாள் வந்தவள் மடியிலிருந்து நாலு போல்ட்டை எடுத்தாள். ரசூல் பாய் சைக்கிள் கடையில் வாங்கியது. குடோனிலிருந்து தன் வலையைத் தூக்கி வந்து, ஸ்பானர் வைத்து முறுக்கிய பிறகுதான் மோட்டாரைப் போட்டாள்.

"அதைக் கழட்டிரு பூமாரி. உனக்கு ஒண்ணும் ஆகலைல்லா?" என்றார் அண்ணாச்சி.

"அதான் அண்ணாச்சி. எனக்கு ஆகியிருந்தா சும்மா இருந்திருப்பேன்."

நாங்கள் சிரித்தோம். அவளுக்குக் கோழிக்கூட்டுக்காரி என்று பேர் வைத்தது நான்தான். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது.

ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பதினோரு வலைகள் நூலில் தொங்கின. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனவரைப் பூமாரி நிறுத்தினாள்.

"ஐயா, எல்லா வலையையும் ஒருக்கா இழுத்துப் பாருங்க."

பக்கத்தில் இருந்தது என் தறி. இழுத்தார். நூல் அறுந்து வலை அவர் பூட்ஸ் மேலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதியது கையெழுத்து மட்டும் இல்லை.

ஜீப் போனதும் அண்ணாச்சி அவள் முன்னால் வந்து நின்றார். "நாளையிலருந்து நீ வரண்டாம்."

"எழுதிக் குடுங்க அண்ணாச்சி. எதுக்கு நிறுத்துதீயங்கிற காரணத்தையும் அதுல போட்டுக் குடுங்க."

அவர் எழுதவில்லை. எழுதினால் அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் பூமாரி வழக்கமான நேரத்துக்கு வந்து, வலையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தறியை ஓட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில்தான் பக்கத்தில் போனேன்.

"வேலை போயிருந்தா பிள்ளைகளுக்கு என்னக்கா செஞ்சிருப்ப?"

"தெரியலட்டி," என்றாள். "ஆனா என் நாடா உன் பக்கந்தான பறக்கும்."

ரசூல் பாய் கடைக்குப் போய் நாலு போல்ட் வாங்கினேன். அவளிடம் ஸ்பானரை வாங்கிக்கொண்டு வந்து என் வலையைத் தூக்கினேன். எனக்கு அடுத்த தறியில் நின்றவள் ஷரீபா பீவி.