விரல் நுனிக்கு வராத கிருமி

மடுல்சீமைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன வீரசிங்கத்துக்கு, இன்றைக்கும் ஒரு விண்ணப்பம் நிரப்ப அரை நாள் பிடிக்கும். ஆனால் இரத்தத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஊவா மாகாணத்தில் ஆள் இல்லை. இதை அவரே சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். மலேரியாத் தடுப்பு வேலையில் மருந்தடிக்கும் கூலியாகச் சேர்ந்து, வெல்லவாயப் பக்கம் வீடு வீடாகச் சுவர் நனைத்து, பிறகு ஆய்வுகூடத்தில் இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றும் ஆளாக உயர்ந்தவர். முப்பத்திரண்டு வருஷம். சாயம் ஏற்றியவர் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? படித்த ஐயாமார் தயங்கிய கண்ணாடிகளில்கூட அவர் கிருமியைக் காட்டியிருக்கிறார்.

நாட்டை விட்டு அந்த நோய் ஒழிந்து பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. ஹாலிஎலயில் ஓய்வாக இருக்கும் வீரசிங்கத்திடம் இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை.

அன்று காலை தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வாசர் வாங்கப் பதுளைக்குப் போனார். பாறூக்கின் இரும்புக் கடையில் பாறூக் இல்லை. மகன் ஷிபானுக்குக் காய்ச்சல் என்றார்கள். பழகிய குடும்பம். வாசரை மறந்து வீட்டுக்கு நடந்தார்.

பகல் வெயிலில் இரண்டு போர்வைக்குள் ஷிபான் நடுங்கிக்கொண்டு கிடந்தான். முப்பது வயது ஆண்பிள்ளை. தாய் ஸுபைரா பப்பாசி இலைச் சாறு வைத்துக்கொண்டு நின்றாள்.

"டெங்கு எண்டு சொல்றாங்க அண்ணே. நாலு நாளாச்சு. டெஸ்ட்ல மட்டும் வரல்ல" என்றார் பாறூக்.

வீரசிங்கம் ஷிபானின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள். சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போகிறது என்றாள் ஸுபைரா.

"தம்பி எந்த ஊருக்குப் போயிட்டு வந்தாப்ல?"

"கொழும்புக்கு" என்றார் பாறூக் சட்டென்று.

"மடகஸ்காருக்கு" என்றாள் ஸுபைரா. "கல்லு வாங்கப் போனவர். வந்து பத்து நாள்."

பாறூக் மனைவியை முறைத்தார். மாணிக்கக் கல் வியாபாரிகள் கல் எடுத்த இடத்தை வெளியில் சொல்லமாட்டார்கள். சொன்னால் அடுத்த விமானத்தில் பத்துப் பேர் அங்கே போய் நிற்பார்கள். அந்த வழக்கப்படி வைத்தியரிடமும் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

"கல்லு கெடக்கட்டும், பாறூக் நானா. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. அந்த ஊர்ல இன்னும் மலேரியா இருக்கு. இது அதுதான்."

ஆஸ்பத்திரியில் பதினொரு மணிக்கு விரலில் குத்திக் கண்ணாடி எடுத்தார்கள். ஆய்வுகூடத்துத் தயானி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் தெரியல்ல ஐயா. சாயந்தரம் திரும்ப எடுக்கணும்" என்றாள்.

பாறூக்குக்குப் பொறுமை போய்விட்டது. "இல்லண்டாச்சு. இனி என்னத்துக்கு நிக்கிறது? வேன் சொல்லிட்டன், கண்டிக்குக் கொண்டுபோறன். அஞ்சாம் வகுப்புப் படிச்சவர்ர பேச்சக் கேட்டு வந்தது என்ட பிழை."

வீரசிங்கத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் கட்டிலில் ஷிபான் தாதியைத் தாயென்று நினைத்து "உம்மா" என்று கூப்பிட்டதையும் கவனித்தார். இந்த நிலையில் மலைப்பாதையில் மூன்று மணி நேரம் கொண்டுபோனால் பிள்ளை கண்டி சேராது.

"நானா, உக்காருங்க. நல்ல சிவப்பணு மெத்துனு இருக்கும். தன்னைவிடச் சின்னக் குழாய்லயும் மடங்கி நுழைஞ்சு போயிரும். இந்தக் கிருமி உள்ள பூந்துச்சுன்னா, அது தன் வசதிக்கு வீட்டையே மாத்திக் கட்டிரும். உள்ள இருக்கிற சத்தைத் தின்னும். அணு வெறச்சுப் போகும். மேல்தோல்ல குமிழ் குமிழா வரும். அந்தக் குமிழால, அட்டை கால்ல ஒட்டுற மாதிரி ரத்தக் குழாய்ல ஒட்டிக்கிடும்."

"என்னத்துக்கு ஒட்டணும்?"

"மண்ணீரலுக்குத் தப்பத்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல கங்காணி முத்தல் எலையப் பொறுக்கி எறிவான்ல, அந்த வேலைதான் மண்ணீரலுக்கு. வெறச்ச அணு அந்தப் பக்கம் போனா மாட்டிக்கும். அதனால போகாது. மூளைக்குள்ள இருக்கிற சின்னக் குழாய்ல ஒட்டி ஒளிஞ்சிருக்கும். விரல்ல குத்துனா எப்படிங்க வரும்?"

"மூளையிலயா?" பாறூக் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அது வளந்து வெடிக்கும். வெடிக்கிறப்பதான் நடுக்கம். குட்டிங்க புது அணுவுக்குள்ள பூரும். அந்த அணுவுக்கு இன்னும் குமிழ் வந்திருக்காது, ஒட்டாது, விரல் வரைக்கும் வரும். நடுக்கம் அடங்குனதும் எடுத்தா மாட்டிக்கும்."

"மாட்டலண்டா?"

"வேன் நிக்கட்டும். மாட்டலன்னா நானே கூட வர்றேன். வழி நெடுக என்னை ஏசிக்கிட்டே வாங்க."

பாறூக் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். வேன்காரன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கட்டில் அதிர நடுக்கம் வந்தது. அடங்கியதும் மறுபடி விரலில் குத்தினார்கள். தயானி சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டு, வீரசிங்கத்தை உள்ளே கூப்பிட்டு ஆசனத்தை விட்டுக்கொடுத்தாள். அவர் குனிந்தார். ஊதாப் புகை மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம், வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"எனக்கு மசமசன்னு இருக்கு மிஸ்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. "நீங்களே சொல்லுங்க."

"கிருமி இருக்கு ஐயா, மோதிரம் மோதிரமா. ஒரே அணுவுக்குள்ள ரெண்டு. இன்னொண்ணு அணுவோட ஓரத்துல ஒட்டினாப்போல இருக்கு."

"போதும்" என்று எழுந்துகொண்டார்.

அரை மணி நேரத்தில் ஷிபானின் கையில் மருந்து ஏறத் தொடங்கியது. பாறூக் வேனை அனுப்பிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் ஷிபான் எழுந்து உட்கார்ந்து, பப்பாசிச் சாற்றை இனிக் கண்ணில் காட்டக் கூடாது என்று தாயிடம் சண்டை பிடித்தான். பாறூக் வீரசிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, அண்டைக்கு உங்களுக்கு மைக்ராஸ்கோப்புல ஒண்டுமே தெரியல்லயாமே?"

"தெரியலதான்" என்றார் வீரசிங்கம். "கண்ணு தெரிஞ்சவன் பாத்துட்டுச் சொல்லுவான் நானா. நான் பாக்காமலே சொன்னேன்ல?"