மதினியின் கடைசி ஓவரும் நான் எழுதிய செய்தியும்

திங்கட்கிழமைகளில் மலையிலிருந்து வேலை முடிந்து வந்ததும் மதினி பத்திரிகையைத் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் எழுதிய விளையாட்டுச் செய்தியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து வரிவரியாக இறங்குவார். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல். பிரதம அதிதி, மாலை போட்டவர், நன்றியுரை சொன்னவர் என்று எல்லாரையும் தாண்டி அந்த விரல் கடைசி வரியில் போய் நிற்கும். பிறகு தலையைத் தூக்குவார். "ஏன் தம்பி, மைக் செட்டு குடுத்தவரு பேரு கூட இருக்கு. மூணு விக்கெட்டு எடுத்தவ பேரு எங்கங்க?" நான் அவசர வேலை இருப்பதுபோல் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. பூண்டுலோயாப் பக்கமிருந்து ஹட்டனுக்குக் கீழே உள்ள எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தோட்டத்தில் எங்கள் மேற்பிரிவுப் பெண்கள் அணியில் பந்துவீச்சென்றால் அவர்தான். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஹட்டன் நிருபர். வீட்டிலேயே நிருபர் இருந்தும் பெயர் வரவில்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம். என்ன செய்வது? எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய மாதிரியே நானும் எழுதினேன். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று இருக்கும், எத்தனை தடவை பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது என்று இருக்கும். அதன் பிறகு, 'பதிலுக்குத் துடுப்பெடுத்தாடிய அணி சகல விக்கெட்டுகளையும் இழந்து' என்று ஒரே வரியில் ஆட்டத்தை முடித்துவிடுவோம். பத்துப் பேரும் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்தவர்களைப் போல விக்கெட்டைத் தொலைத்ததாகத்தான் படிக்கிறவர் நினைப்பார். தப்பித்தவறி பந்துவீச்சைப் பற்றி இரண்டு வரி எழுதினாலும், கொழும்பில் பக்கம் போடுகிறவர் இடமில்லையென்று முதலில் அதைத்தான் வெட்டுவார்.

மதினிக்குப் புகழ் ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. பிரச்சினை அவருடைய அப்பா. பூண்டுலோயாவில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து மரண அறிவித்தல் வரைக்கும் படிக்கிற மனிதர். பத்திரிகையில் வராத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. மகள் போனில் விக்கெட் கணக்குச் சொன்னால், "பேப்பர்ல வரட்டும் பாப்பா, நம்புறேன்" என்று சிரிப்பாராம். மதினி அதைச் சொல்லிக் காட்டும்போது தானும் சிரிப்பார். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை விரல் மறுபடி தேடும்.

தைப்பொங்கலை ஒட்டி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் ஐந்து ஓவர் மென்பந்து ஆட்டம். எங்கள் பெண்கள் முப்பத்தொரு ஓட்டம் எடுத்தார்கள். கீழ்ப்பிரிவு நான்கு ஓவரில் இருபத்தெட்டு. கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் எடுத்தால் வெற்றி. கையில் நான்கு விக்கெட் இருந்தது. பந்து மதினியிடம். செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடத் தயாராக நின்றார். "கொழுந்தப் பின்னால கூடையில வீசுற கையி, இப்ப பந்த முன்னால வீசப் போகுது!" என்று மைக்கில் ஒருவர் கத்தினார். எனக்கோ நான்கு மணிக்குள் செய்தி அனுப்பியாக வேண்டும். மைதானத்தில் சிக்னல் கிடையாது. கோயிலுக்கு மேலே உள்ள பாறைக்கு ஏறினால்தான் கிடைக்கும். ஓடினேன்.

நான் பாறையில் ஏறி நின்றபோது கீழே பனிமூட்டம் இறங்கிவிட்டது. மைதானமும் இல்லை, மனிதரும் இல்லை, ஒரே வெள்ளை. சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று விசில், மேளம், பட்டாசு. பட்டாசைக் கீழ்ப்பிரிவுக்காரர்கள்தான் மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் என்ன யோசனை? 'கீழ்ப்பிரிவு அணி வெற்றிக்கிண்ணத்தைச் சுவீகரித்தது' என்று தட்டி அனுப்பினேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு வேகமாகச் செய்தி அனுப்பியதே இல்லை.

இறங்கி வந்தால், எங்கள் பெண்கள் மதினியைத் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓவரில் ஒரே ஒரு ஓட்டம் கொடுத்து நான்கு விக்கெட்டையும் எடுத்திருந்தார். கொண்டுவந்த பட்டாசைத் திருப்பிக் கொண்டுபோவானேன் என்று கீழ்ப்பிரிவுக்காரர்கள்தான் பெருந்தன்மையாகக் கொளுத்தியிருக்கிறார்கள். மறுபடியும் பாறைக்கு ஓடினேன். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார்கள்.

மறுநாள் கீழ்ப்பிரிவில் ஒரே கொண்டாட்டம். செய்தியை வெட்டி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். "கிண்ணத்த நீங்க வச்சுக்கங்க, பேப்பர நாங்க வச்சுக்கிறோம்" என்று எங்கள் ஆட்களைப் பார்த்துக் கேலி. மதினியும் சேர்ந்துதான் சிரித்தார், சாயங்காலம் அவருடைய அப்பாவின் போன் வரும் வரைக்கும்.

"என்னா பாப்பா, தோத்துட்டீங்களாமே?"

"இல்லப்பா, ஜெயிச்சோம். நான்தான் கடைசி ஓவரு போட்டேன்."

"பேப்பர்ல போட்டுருக்கே. ஒங் கொழுந்தனாருதானே எழுதுறாரு, அவருக்குத் தெரியாதா?"

மதினி போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று இரண்டு வாய் சோறாவது எனக்கு இறங்கியிருக்கும்.

அடுத்த நாள் காலையில் செய்தி ஆசிரியரிடமிருந்து அழைப்பு. "ஒங்க தோட்டமே போன் பண்ணுது. திருத்தம் போடணும். எப்பிடி முடிவு மாறிச்சுன்னு பந்து பந்தா எழுதி அனுப்பு. இன்னொரு தப்பு வந்தா உன்னய வச்சிருக்க மாட்டேன்" என்றார். அண்ணனையும் நடுவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதினேன். முதல் பந்தில் விக்கெட் சரிந்தது. இரண்டாவதில் ஓட்டமில்லை. மூன்றாவதில் மீண்டும் விக்கெட். நான்காவதில் ஓர் ஓட்டம். ஐந்தாவதில் தானே பந்துவீசித் தானே பிடித்தார். ஆறாவதில் கடைசி விக்கெட். மதினியின் முழுப் பெயரையும் எழுதினேன், முன்னால் அவருடைய அப்பாவின் முதலெழுத்தைப் போட்டு. "எம் பொண்டாட்டிக்கு எம் எழுத்து இல்லியாடா?" என்று அண்ணன் முறைத்துவிட்டுப் பிறகு சிரித்தார். திருத்தத்தில் கைவைக்கப் பயந்தோ என்னவோ, கொழும்பில் ஓர் எழுத்துக்கூட வெட்டவில்லை. புதன்கிழமை அது முழுசாக வந்தது. எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒருவர் வீசிய ஓவரின் ஆறு பந்தும் அச்சானதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினியின் அப்பா இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். கோட்டுப் பைக்குள் பத்திரிகை. கொடுத்த தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, ஆட்டத்தை நேரில் பார்த்த அத்தனை பேருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். "மூணாவது பந்து! ஆத்தாடி, குச்சி பறந்துருச்சு!" குச்சி பறந்ததாக நான் எழுதவே இல்லை. பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, முதலெழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்னோட எழுத்து" என்றார். மதினி கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

இப்போது நான் ஹட்டன் டவுனில் குடியிருக்கிறேன். விக்கெட் எடுத்தவர் பெயரை முதல் பத்தியிலேயே எழுதி அனுப்புகிறேன். கொழும்பில் பாதி வெட்டுகிறார்கள், பாதி தப்புகிறது. மதினி இன்னும் வெறுங்காலோடு ஓடிவந்துதான் வீசுகிறார். போன மாதம் இரண்டு விக்கெட் எடுத்தார். நான் மூன்று வரி எழுதினேன், வந்தது அரை வரி. அன்று சாயங்காலமே போன்.

"தம்பி, அரை வரிதான் வந்துருக்கு. அப்பா கேக்குறாரு, மத்தப் பந்தெல்லாம் எங்கேன்னு. அடுத்த வாட்டி நாங்க தோத்துட்டோம்னே எழுதி அனுப்புங்க. அப்பத்தான் திருத்தம்னு முழுசா போடுவாங்க."