மூன்று புள்ளி போட்ட கோட்டு

வடிவமைப்புக் கல்லூரியின் மாணவியர் விடுதியில் சலவை அறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நீளம் பதினெட்டு அடி, அகலம் பதினொன்று. இரண்டு சலவை இயந்திரங்கள், ஓர் இஸ்திரி மேசை, வாசலை ஒட்டி என் மேசை. துணி உள்ளே வரும்போது பதிவேட்டில் ஏற்றுவதும், வெளியே போகும்போது கையெழுத்து வாங்குவதும் என் வேலை; அதனால் எல்லோருக்கும் நான் 'ரைட்டர் சார்'. பதிவேட்டில் ஆறு பத்திகள்: தேதியும் நேரமும், அறை எண், துணி, எண்ணிக்கை, துணியில் உள்ள சலவைச் சின்னம், பையில் இருந்த பொருள். இருபத்தேழாம் அறைப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்தப் பத்திகளிலிருந்து வந்தது. மீதி அவள் வாயிலிருந்து வந்தது. அவளால் சும்மா நிற்க முடியாது. துணி எண்ணி முடிவதற்குள் வாசலுக்கும் இயந்திரத்துக்கும் நாலு நடை நடந்துவிடுவாள், நடந்துகொண்டே பேசுவாள்.

விடுதியில் அவளை ஸ்டிக்கர் என்றே கூப்பிட்டார்கள். மடிக்கணினி, தண்ணீர் பாட்டில், செருப்பு வார், அறைக் கதவின் தாழ்ப்பாள் என்று எதையும் அவள் வெறுமையாக விட்டதில்லை. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சின்னம் இருக்கும். அவளே வரைந்தது, அவளே வெட்டியது.

சட்டைகளும் அப்படித்தான். ஜூன் மாதம் முழுக்கக் கறுப்புச் சட்டைகள். பையின் மேல் வெள்ளை நூலில் ஒரு திறந்த கதவு. ஜூலை ஒன்பதாம் தேதி கதவு போய்க் காகித விமானம் வந்தது. ஆகஸ்டில் அவள் அப்பாவின் பழைய டிரைவர் சட்டைகள், காக்கி, கையை வெட்டியவை. அவற்றில் மஞ்சள் சாவி. செப்டம்பர் இரண்டாம் வாரம் நாலு வெள்ளைச் சட்டைகள் வந்தன. சின்னம் எதுவும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

காரணம் கடைசி ஆண்டின் பாடம் ஒன்று. உன்னை ஒரே சின்னமாக வரை, அதை உடுத்திக்கொண்டு வா என்று ஆசிரியை சொல்லியிருந்தார். எழுத்து கூடாது, முகம் கூடாது. பத்தடி தள்ளி நிற்பவருக்கும் இது நீதான் என்று தெரிய வேண்டும். செப்டம்பரில் முதல் பார்வை. இவளுடைய சாவியைப் பார்த்துவிட்டு ஆசிரியை தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: 'இது யார் சட்டையிலும் இருக்கலாம்.' நவம்பர் பதினான்காம் தேதி இறுதி மதிப்பீடு. அதிலும் தேறாவிட்டால் அந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். இன்னொரு வருடம் வீடு தாங்காது என்று அவள் அம்மா முன்பே சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அவளுடைய நடை இன்னும் கூடியது.

"என்ன ஸ்டிக்கரு, இந்த வாரம் நீ யாரு?" என்று இஸ்திரிக்காரர் கேட்பார். பெட்டியைத் தூக்கிவைத்துப் பேசுகிறவர் அல்லர், தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"தெரியலண்ணே. வெள்ளிக்கிழமை சொல்றேன்."

"போன மாசம் சாவியா இருந்த. பூட்டு கெடைக்கலயா?"

"கிண்டலா? எங்க, உங்கள நீங்க ஒரு படமா வரைங்க பாப்போம்."

"நான் எதுக்கு வரையணும்? கைல பொட்டி இருக்கு. பத்தடி இல்ல, அந்தத் தெருவுல நின்னு பாத்தாலும் இஸ்திரிக்காரன்னு சொல்லிடுவான்."

அவள் அன்றைக்கு நடப்பதை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்தாள். அது அக்டோபர் ஆறாம் தேதி.

அவள் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லேபிள் தைப்பவர். சட்டைக் கழுத்தின் உள்ளே இருக்குமே, எப்படித் துவைக்க வேண்டும், எவ்வளவு சூட்டில் தேய்க்க வேண்டும் என்று சொல்லும் வெள்ளைத் துண்டு, அதுதான். அச்சுப் பிசகிய லேபிள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். பள்ளியில் எழுத்துப் படிக்கும் முன்பே இவள் தொட்டி, முக்கோணம், வட்டம், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் இளஞ்சூடு. இரண்டு என்றால் நடுச் சூடு. மூன்று என்றால் கொதிக்கக் கொதிக்க வைக்கலாம். பருத்திக்கும் லினனுக்கும்தான் அது.

அதே தொழிற்சாலையில் ஒரு பை விரலளவு இறங்கிவிட்டது என்று கழித்துப்போட்ட கோட்டு ஒன்று அவளிடம் இருந்தது. சாம்பல் நிறம், முழங்கால் வரை நீளம், பாலியஸ்டர். அதன் முதுகில் கறுப்புத் துணியை வெட்டித் தைத்து, ஒன்றரை அடி அகலத்துக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வரைந்தாள். உள்ளே மூன்று புள்ளிகள்.

"மத்தவங்கள்லாம் றெக்கை, மரம்னு வரையறாங்க சார்," என்றாள் என்னிடம். "நான் என்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்றேன். எவ்வளவு சூடு வேணும்னாலும் வைங்க, தாங்குவேன்."

அக்டோபர் முப்பதாம் தேதி மதியம் ஒன்று பத்துக்கு, அம்மாவின் சாப்பாட்டு நேரத்தில், படத்தை அனுப்பிவிட்டுச் சலவை அறையிலிருந்தே பேசினாள். கையில் துணி மூட்டை இருந்ததால் போனை என் மேசை மேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நான் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் தைக்கிறேன்டி," என்றது குரல். "நீ ஒண்ணு தைக்க அஞ்சு மாசம்."

"இது வேறம்மா. இது நான்."

"நீயா? மூணு புள்ளியா?" அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "அந்த டீச்சர் ஒரு வரி எழுதுனதுக்கு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்த. மூணு புள்ளியாம்."

"உனக்கு ஒண்ணும் புரியாது," என்று போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் பதிமூன்று, பிற்பகல் இரண்டு இருபது. கோட்டை என் மேசையில் போட்டாள். "ரைட்டர் சார், ஒரு தேய்ப்பு மட்டும். நாளைக்கு ஜூரி முன்னாடி கடைசி மதிப்பீடு. அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்." அச்சறைக்கு ஓடிவிட்டாள்.

நான் வழக்கப்படி கழுத்தின் உள்ளே பார்த்தேன். லேபிள் இல்லை. வெட்டிய ஓரத்தில் இரண்டு நூல்கள் மட்டும் இருந்தன. கழுத்து லேபிள் இல்லாவிட்டால் துணியில் வேறெங்காவது சின்னம் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. முதுகில் இருந்தது. அளவு மிதமிஞ்சியதே தவிர, கோடுகள் பிசகில்லாமல் முறைப்படி இருந்தன. ஐந்தாம் பத்தியில் 'இஸ்திரி, மூன்று புள்ளி' என்று எழுதினேன். பையைத் தடவினேன். உள்ளே ஒரு வெள்ளைத் துண்டு. ஆறாம் பத்தியில் 'லேபிள் ஒன்று, ஓரம் வெட்டியது' என்று எழுதி, உறையில் போட்டு, 27 என்று குறித்து இழுப்பறையில் வைத்தேன். பையில் கிடைக்கும் எதையும் நான் படிப்பதில்லை. கடிதங்களுக்காக விடுதியில் போட்ட விதி அது. முப்பத்தோரு வருடமாக மீறியதில்லை.

பிறகு வரிசைப்படி குரல் கொடுத்தேன். "இருபத்தேழு. கோட்டு. மூணு."

"மூணு," என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியின் திருகைத் திருப்பிக்கொண்டே.

முதலில் நாற்றம்தான் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கியபோது துணி அதோடு ஒட்டிக்கொண்டு எழுந்து, இழை இழையாக அறுந்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே, படத்துக்கு நாலு விரல் தள்ளி, உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பளபளப்பாகச் சுருங்கிய ஒரு வளையம்.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். கோட்டை எடுத்து விரித்தாள். ஓட்டைக்குள் கையை விட்டு எடுத்தாள்.

"பாலியஸ்டர்ண்ணே இது."

"கோட்டே சொல்லுதே மூணு புள்ளின்னு. அதுவும் இவ்ளோ பெருசா. நான் யாரு மாத்துறதுக்கு?"

"அது நான்! கோட்டு இல்ல."

"நீ எது, கோட்டு எதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க துணியத் தொட்டுப் பாக்கலயா சார்?"

தொட்டேன். தொட்டால் தெரியும் செய்தியை எழுதப் பதிவேட்டில் இடம் இல்லை. அவள் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். நடந்துகொண்டே எண்ணை அழுத்தி, போனை என் மேசையில் வைத்தாள்.

"அம்மா, கோட்டு போச்சு."

"எப்படிப் போச்சு?"

"மூணு புள்ளில தேச்சுட்டாங்க."

"பாலியஸ்டர்லயா? அங்க தேய்க்கிறவருக்குக் கண்ணு தெரியாதா?"

இஸ்திரிக்காரர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"முதுகுல நான் போட்ட படத்தப் பாத்துட்டாங்கம்மா."

"கழுத்துல லேபிள் இருந்திருக்குமே. அந்த வரிசை பூரா நான் தச்சது."

அவள் நின்றுவிட்டாள். "வெட்டிட்டேன்."

அந்தப் பக்கம் அம்மா தன் தையல் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"உறுத்துச்சா?"

"உறுத்துச்சு. அதோட, ஒரே கோட்டுல ரெண்டு சின்னம் வேணாம்னு நெனச்சேன்."

"சொல்லியிருந்தா பக்கத் தையல்ல வச்சுத் தந்திருப்பேனே," என்றார் அம்மா. திட்டவில்லை. "சரி. நாளைக்கு என்ன பண்ணப் போற?"

"தெரியலம்மா."

அப்போதுதான் எனக்கு உறை நினைவுக்கு வந்தது. இழுப்பறையைத் திறந்து எடுத்து அவள் முன் வைத்தேன். அவள் பிரித்தாள். சின்ன வெள்ளைத் துண்டு, இஸ்திரிப் பெட்டி, ஒரு புள்ளி.

"இது உங்ககிட்டயா இருந்துச்சு? தேய்க்கக் குடுக்கறதுக்கு முன்னாடியேவா?"

"இருந்தது. ரெண்டு இருபதுக்கு எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கீங்க," என்றாள். கோட்டையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கையெழுத்துப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு, நான் கதவைத் திறக்கும் முன்பே கோட்டோடு வாசலில் நடந்துகொண்டிருந்தாள். இஸ்திரிக்காரரும் அன்று சீக்கிரம் வந்திருந்தார். கையில் சாம்பல் துணி ஒரு முழம் வைத்திருந்தார்.

"ஒட்டுப் போட்டுத் தரேன் ஸ்டிக்கரு. பத்தடில தெரியாது."

"வேணாம்ணே."

"அப்ப எரிஞ்சதுதான் டிசைனேன்னு சொல்லிடு. உங்க காலேஜ்ல அதையும் நம்புவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க ரூம்ல நாலு பேரு அதையேதான் சொன்னாளுங்க. நல்லா வேற இருக்கும்." சிரிப்பு நின்றது. "பிளேடு இருக்காண்ணே?"

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மூன்று புள்ளிகளில் இரண்டைப் பிரித்து எடுத்தாள். ஊசித் துளைகள் இரண்டு வட்டமாக அப்படியே நின்றன. அம்மாவின் லேபிளைக் கழுத்துக்கு வெளியே, எல்லோருக்கும் தெரியும்படி நாலு தையல் போட்டு வைத்தாள். அவசரத்தில் தையல் கோணியது. ஏழு ஐம்பத்தைந்துக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஓட்டை வழியே உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது.

மதிப்பீட்டில் நடந்ததைத் திங்கட்கிழமை அவளே வந்து சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை முதலில் ஓட்டையைக் காட்டி, "இது நீ யோசிச்சு வச்சதா?" என்று கேட்டாராம். மற்ற இருவரும் ஏற்கெனவே அதைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல மேடம். அது விபத்து. நேத்து வரைக்கும் மூணு புள்ளி இருந்துச்சு. என்ன சொன்னாலும் தாங்குவேன்னு முதுகுல எழுதி மாட்டிக்கிட்டேன். அத நம்பி ஒருத்தர் சூடு வச்சுட்டாரு."

"இப்ப?"

"ஒண்ணு. லேசாத்தான் தாங்கும். எங்கம்மாவுக்கு முன்னாடியே தெரியும்."

"அடுத்த மாசம் இதையும் மாத்திடுவியா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"மாத்துவேன்னு நெனக்கிறேன்," என்றிருக்கிறாள். அதைச் சொல்லும்போது நான்கைந்து அடி நடந்தும் விட்டாளாம்.

தேறிவிட்டாள். வகுப்பில் கடைசி மதிப்பெண். தாளின் ஓரத்தில் இந்த முறையும் ஒரு வரி: 'தையல் சுமார். ஆள் தெரிகிறது.' அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியதற்கு, தையலைப் பற்றி மட்டும் பதில் வந்ததாம்.

அன்று அவள் கொண்டுவந்தவை கோட்டு ஒன்று, சட்டை இரண்டு. தொட்டுப் பார்த்துத் தெரிவதை எழுத, பதிவேட்டில் நான் ஏழாவதாக ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருந்தேன். அவள் எண்ணி முடிக்கும் வரை நின்றாள். கோட்டையும் முதல் சட்டையையும் எழுதியதும் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, தன் வரியை விரலால் தொட்டுத் தொட்டு முழுவதும் படித்தாள். அதுவரை எந்த மாணவியும் அப்படிப் படித்ததில்லை.

"சட்டைல இருக்கறது புதுசு சார்," என்றாள். "அதயும் போடுங்க. ஆனா அது நான். தேய்க்கறதுக்கு இல்ல."

பதிமூன்றாம் தேதி விட்டுப்போன கையெழுத்தைப் போட்டுவிட்டு, படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். நான் கடைசிச் சட்டையை எடுத்தேன். பையின் மேல் சிவப்பு நூலில் ஒரு நாற்காலி; கால் ஒன்று இன்னும் தைத்து முடியவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்து எழுதினேன்: அறை 27, சட்டை, வெள்ளை, சொந்தச் சின்னம் நாற்காலி, கழுத்து லேபிள் உள்ளது, தொட்டால் பருத்தி.