அரிசி ஆலைச் சங்கு ஊதுவதற்குள்

என் மனைவி சலோமியை அவள் அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஈஸ்டருக்கு மறுநாள், சபையே பார்த்துக்கொண்டிருக்கும்போது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. என் நெஞ்சுதான் காரணம். இது இந்த எழுபதுகளின் தொடக்கத்தில்தான் நடந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை கர்த்தருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

எனக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை. அதற்கு முந்தைய வருஷம் காசநோய் வந்து படுத்தேன். ஊசி, மாத்திரை என்று மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். கடைசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாகிவிட்டது, இனிப் பயமில்லை என்றார். எனக்காக உபவாசம் இருந்தவர்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

எங்கள் பக்கத்துச் சபைகள் ஈஸ்டருக்கு மறுநாள் வாலாஜாபாத் பக்கம், பாலாற்றங்கரையில் ஒரு குன்றில் கூடும். கூட்டத்துக்கு முன்னால் ஆண்கள் ஓட்டம் உண்டு. ஆற்றங்கரையில் புறப்பட்டு, குன்றைச் சுற்றி ஏறி இறங்குகிற வண்டிப்பாதையில் ஓடி, உச்சியில் இருக்கிற சிலுவையைத் தொட வேண்டும். முதலில் வந்தது யார் என்று அங்கே யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. கீழே அரிசி ஆலையில் எட்டு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் சிலுவையைத் தொட்டவனுக்கு மாலை. சங்குக்குப் பிறகு வருகிறவனுக்கு ஒரு டம்ளர் மோர். அதைக் குடித்தவனுக்கு அடுத்த ஈஸ்டர் வரைக்கும் 'மோரு' என்றுதான் பெயர்.

நோய்க்கு முன் நான் மாலை வாங்கினவன். அந்தத் தெம்பில் அந்த வருஷமும் ஓடினேன். பாதி ஏற்றத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. பாறையில் உட்கார்ந்து இருமினேன். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள். மோர் குடிக்கக்கூட மேலே போக முடியவில்லை.

இதை என் மாமியார் பார்த்துவிட்டார். அவர் எனக்குச் சொந்த அத்தை, என் அப்பாவின் தங்கை. அந்த ஆலையில்தான் களத்தில் நெல் காயவைக்கிற வேலை பார்த்தார். அவர் புருஷன் இதே நோயில்தான் செத்தார். அவருக்கும் முதலில் குணமாகிவிட்டது என்றுதான் சொன்னார்களாம். அத்தை என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"சலோமி என்கூட இருக்கட்டும்டா. புள்ள குட்டின்னு ஆவறதுக்கு மின்ன நீ நல்லா ஆவு. அடுத்த வருஷம் சங்கு ஊதறதுக்குள்ள மேல வந்து சேரு, நானே மூட்ட கட்டி அனுப்பறேன்."

சலோமி எவ்வளவோ மறுத்தாள். நான்தான் போகச் சொன்னேன். அத்தைக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் என் சமையலும்தான். அந்தச் சமையலைப் பற்றிச் சாட்சி சொன்னால் யாருக்கும் விசுவாசம் வளராது. விடியற்காலையில் ஓட ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் தெருவில் ஓடுவது லேசில்லை. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைப் பாவாகத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அதை யாரும் தாண்ட மாட்டார்கள், சுற்றித்தான் போக வேண்டும். நாலு சுற்றுச் சுற்றியதில் எனக்கு வெறுத்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டேன். சமதளத்தில் எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் ஆகவில்லை. கரை மேட்டில் ஏறினால் மட்டும் நெஞ்சு அடைத்தது. மழைக்காலம் போனது, கிறிஸ்துமஸ் போனது, அதே கதைதான். டாக்டர் மறுபடியும் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார்.

நான் கோபக்காரன். கோபம் வந்தால் எதிரில் யார் என்று பார்க்க மாட்டேன். ஒரு நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்து மனசுக்குள் கர்த்தரிடமே சண்டை போட்டேன். சுகம் கொடுத்தேன் என்கிறீர், டாக்டரும் அதையே சொல்கிறார், என் நெஞ்சு மட்டும் இல்லை என்கிறது, நான் யாரை நம்புவது? பெண்டாட்டியை எனக்குத் திருப்பிக் கொடுக்க மனசிருந்தால் ஒரு வழியைக் காட்டும். இல்லையென்றால் அதையாவது சொல்லிவிடும், ஓடுவதை நிறுத்திவிடுகிறேன். அழகான ஜெபம் இல்லைதான். எனக்கு அன்றைக்கு அதுதான் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்காகச் சலோமி காஞ்சிபுரம் வந்தாள். கூட்டம் முடிந்ததும் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்கு வந்தாள். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் பட்டறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நான் சாயத் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கொதிக்கிற சாயத்தில் ஆசிட் ஊற்றியதும் ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். அப்போது நாங்கள் வாயை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் மாட்டிய கோலைத் தூக்கிப் புரட்டுவோம். யாரும் சொல்லித் தருவதில்லை, வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே தானாக வந்துவிடும். அவள் சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றப் போகிற வழியில் ஏரிக்கரை மேட்டைக் காட்டினேன். நான் படுகிற பாட்டை அவளும் பார்க்கட்டும் என்று ஏறினேன். பாதியில் நின்றுவிட்டேன். அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் பயமே இல்லை.

"மாமா, தொட்டியாண்ட மூச்சப் புடிச்சிக்கினு தூக்கினியே, அதே மாதிரிதான் மேட்டயும் ஏறுற. வாயே தொறக்கல நீ."

அதெல்லாம் இல்லை என்று வாதாடினேன். அவள் என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே ஏறினாள். அவள் சொன்னது நிஜம். பாரம் என்றதும் வாய் தானாக மூடிக்கொள்கிறது. நோய்க்கு முன் நெஞ்சில் வலு இருந்ததால் அது தெரியவில்லை. சரி, மூச்சு விட்டுக்கொண்டே ஏறுவோம் என்று ஏறினேன். கால் கடுத்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. மறுபடியும் அடைப்பு.

சலோமி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீ எப்பவும் மனசுக்குள்ளயேதான் ஜெபம் பண்ற. சத்தமா பண்ணிக்கினு ஏறு. பேசற வாய்ல மூச்சு எப்டி நிக்கும்?"

காலை எடுத்துவைக்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஏறினேன். கரை மேலே போய் நின்றபோது நெஞ்சு திறந்திருந்தது. நோய்க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மேட்டின் மேல் நின்றேன். அங்கேயே மண்டி போட்டு அழுதேன். சலோமியும் அழுதாள். அழுதுகொண்டே பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டாள்.

அன்று முதல் தினமும் அந்தக் கரையில் நான் சத்தம் போட்டுக்கொண்டு ஏறினேன். எருமை குளிப்பாட்டுகிறவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

ஈஸ்டர் திங்கள் வந்தது. ஆற்றங்கரையில் ஜெபம் முடிந்து ஓடினோம். குன்றின் முதல் ஏற்றத்தில் பழைய புத்தி வந்து வாய் மூடிக்கொண்டது, நெஞ்சு இறுகியது. சலோமியின் கை முதுகில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஓடின பையன்கள் சிரித்தார்கள். கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை அண்ணே என்றான் ஒருவன். சிரித்தவர்களில் சிலரைத் தாண்டினேன், சிலர் என்னைத் தாண்டினார்கள். போன வருஷம் உட்கார்ந்த பாறை வந்தது. அதைத் தாண்டும்போது மட்டும் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். கடைசி ஏற்றத்தில் கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. குரல் மட்டும் இருந்தது. சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் வாய் நிற்கவில்லை.

அத்தை ஆலைக்கு லீவு போட்டுவிட்டுச் சலோமியோடு அங்கே நின்றிருந்தார். என் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சங்கு ஊதிவிட்டதா என்று அவரைக் கேட்டேன்.

"மொதல்ல நீ வாய மூடுடா. அப்பதான கேக்கும்."

மூடினேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு, கீழே சங்கு ஊதியது.

யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. அத்தையின் காலடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. சலோமியின் புடவைகள். நான் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே, இருட்டோடு இருட்டாக, அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தை மலை ஏறியிருக்கிறார். நான் ஏறாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"நீ மட்டுந்தான் ஜெபம் பண்ணியா? நானுந்தான பண்ணேன்" என்றார்.

எங்களுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. நெஞ்சு நன்றாக இருக்கிறது. தொட்டிப் பக்கத்தில் மட்டும்தான் மூச்சைப் பிடிக்கிறேன். வீட்டில் சத்தமாக ஜெபிக்கிறேன், பக்கத்து வீட்டில் முனகுகிறார்கள். மனசுக்குள் கேட்டதையும் கர்த்தர் கேட்டார், என் கோபத்தையும் பொறுத்துக்கொண்டார். அவருக்கு ஸ்தோத்திரம். உங்களில் யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையாவது சுமந்து ஏறுகிறவர்களாக இருந்தால், அவரை நம்பி வாயைத் திறந்து கேளுங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் மூட்டையோடு மேலே போய் நின்றிருக்கலாம்.